ஒன்றரை வயது ஆண் லாப்ரடாரை மேட்டிங்குக்கு விடலாமா? ஒருமுறையாவது விடாவிட்டால் முரடாகிவிடுமா?

இப்போது வேண்டாம். முரடாகும் என்பதும் வெறும் பேச்சுதான். இணைசேராததால் ஆண் நாய்க்கு எந்த நோயும் வராது. மாறாக, ஒருமுறை பழகிய பிறகு வீட்டுக்குள் மூலைக்கு மூலை சிறுநீர் தெளிப்பதும், வாசனை பிடித்து வெளியே ஓடுவதும் கூடலாம்.

முதலில் விரைகளைத் தடவிப் பாருங்கள். இரண்டும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்: அது பரம்பரைக் குறை, பின்னாளில் புற்றுநோயாகவும் மாறக்கூடும்.

லாப்ரடாருக்குப் பெரிய தலைவலி இடுப்பு மூட்டுக் குறைபாடு. நன்றாக ஓடுகிற நாய்க்கும் அது இருக்கலாம். 2 வயதுக்குப் பிறகு மயக்கம் கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் உறுதியாகத் தெரியும். அதற்காகவே காத்திருக்கச் சொல்கிறேன்.

அடுத்து, இரண்டு நாய்களுக்கும் புருசெல்லா என்ற கிருமி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. இந்தக் கிருமி கருவைக் கலைக்கும், மருந்தில் முழுதாகப் போகாது, மனிதருக்கும் தொற்றும். தெருநாயோடு சேர்ந்த பெண் நாய் என்றால் பிறப்புறுப்பில் கட்டி வரும் தொற்றுப் புற்றும் உண்டு. சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

இணைசேரும்போது இரண்டும் 5 முதல் 30 நிமிடம் வரை பின்னிக்கொண்டு நிற்கும். இழுத்துப் பிரித்தால் இரண்டுக்கும் காயம்.

கூலியாக ஒரு குட்டி என்பது வழக்கம். விற்காத குட்டிகளை யார் வளர்ப்பது என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள்.