பெற்றோருக்கு விசிட்டர் விசா மறுக்கப்பட்டால்

தம்பி, கும்பகோணத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு பிரிட்டன் விசிட்டர் விசா மறுத்துவிட்டார்கள், அப்பீல் போகலாமா, விவசாய வருமானத்தை எப்படிக் காட்டுவது, எந்த மாதம் வந்தால் குளிர் தாங்குவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிரை விடுங்கள், ஸ்வெட்டர் போட்டால் தீர்ந்தது.

குடும்பத்தைப் பார்க்க வருபவர்களுக்கு இருந்த முழு அப்பீல் உரிமையை 2013 ஜூன் 25-ஆம் தேதி எடுத்துவிட்டார்கள். இப்போது மனித உரிமை அடிப்படையில் மட்டும்தான் போகலாம். வளர்ந்த பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோர் விஷயத்தில் அது பெரும்பாலும் எடுபடாது. ஆகவே "அப்பீல் போட்டு வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கிற நம்ம ஆட்களை வாசலிலேயே நிறுத்துங்கள். புதிதாக வந்தவர்களின் பயத்தில் பிழைக்கிறார்கள். எனக்கு இது ஆறாத கோபம்.

மறுப்புக் கடிதத்தை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு காரணத்துக்கும் ஆவணத்தோடு பதில் வைத்துப் புதிதாக விண்ணப்பியுங்கள். முந்தைய மறுப்பை மறைக்கவே கூடாது. பொய் ஆவணம் வைத்து மாட்டினால் 10 ஆண்டுத் தடை.

மாமாவிடம் வாங்கி அப்பா கணக்கில் நாலு லட்சம் போட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எங்கிருந்து வந்தது என்றும் பார்ப்பார்கள். ஆறு மாதமாக ஐயாயிரம், பத்தாயிரம் என்று ஓடிய கணக்கில் திடீரென்று லட்சங்கள் விழுந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளதைக் காட்டுங்கள்: பட்டா, சிட்டா, அடங்கல், நேரடி நெல் கொள்முதல் நிலைய ரசீது, அந்தத் தொகை வங்கிக் கணக்கில் ஏறிய பதிவு. ரசீதில் இருக்கும் தொகையும் பாஸ்புக்கில் இருப்பதும் ஒன்றாக இருக்கணும். தமிழில் உள்ள எல்லாவற்றுக்கும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். செலவு நீங்கள் ஏற்பதாக இருந்தால் உங்கள் சம்பளச் சீட்டும் வங்கி அறிக்கையும், வீட்டில் இடம் இருப்பதற்கான சான்றும் சேருங்கள். ஆனால் உங்கள் சம்பளம் பெரிது என்பதற்காக அவர்கள் ஊர் திரும்புவார்கள் என்று ஆகிவிடாது. நிலம், வீடு, அங்கே இருக்கும் மற்ற பிள்ளைகள், இவைதான் அதற்குப் பேசும்.

என் காலத்தில் அப்பீல் இருந்தது. மகள் பிறக்கப்போகும் நேரத்தில் அம்மாவுக்கு மறுத்துவிட்டார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை. அரைகுறை ஆங்கிலத்தோடு லண்டன் தீர்ப்பாயத்தில் நானே போய் நின்றேன். நீதிபதி சிட்டா மொழிபெயர்ப்பை விரல் வைத்துப் படித்து, இந்த நிலத்தை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். அம்மாதான், ஆள் விட்டுப் பார்க்கிறார் என்றேன். ஜெயித்தோம். ஆனால் அம்மா வந்து சேர்வதற்குள் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டாள். வந்தவர் ஆறு மாதம்கூட இருக்கவில்லை. நாற்று விடணும், ஆள் கிடைக்காது என்று கிளம்பிவிட்டார்.