இண்டிகேட்டர் எரியவில்லையா? நீலகிரி வாகன ஓட்டிகளுக்குப் பதில்கள்

கேள்வி (குன்னூர்): ஐயா, இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் மட்டும் டிக் டிக் ஒலி மிக வேகமாகக் கேட்கிறது. விளக்கை மினுக்க வைக்கும் ரிலேயை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்க வேண்டிய விளக்கு ஒரு பக்கம் மட்டும் வேகமெடுத்தால், பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு எரியவில்லை என்று பொருள். பழைய பல்பில் இழை அறுந்திருந்தால் அதே 12 வோல்ட், 21 வாட் பல்பைப் போடுங்கள். இழை நன்றாக இருந்தும் எரியாவிட்டால் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் மலையின் மூடுபனியும் மழையும் நைந்த ரப்பர் விளிம்பு வழியே லென்ஸுக்குள் புகுந்து, பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பைப் படிய வைத்துவிடும். சாவியை எடுத்துவிட்டு, நைஸ் உப்புத்தாளால் தகடு பளிச்சிடும் வரை தேயுங்கள். ரப்பரை மாற்றாவிட்டால் அடுத்த மழையில் களிம்பு மீண்டும் வரும்.

கேள்வி (கோத்தகிரி): பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதே?

பதில்: இது எர்த் கோளாறு, அதாவது மின்சாரம் வண்டியின் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில் கோளாறு. திரும்பிச் செல்ல வழியில்லாத மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழை வழியே பாய்கிறது. விளக்கின் எர்த் முனையிலிருந்து பாடியின் துருவில்லாத இரும்புக்குத் தனியாக ஒரு ஒயரைத் தொட்டுப் பாருங்கள். விளக்குகள் ஒழுங்காக எரிந்தால், எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவை நீக்கி இறுக்கினாலே போதும். இதை அறியாமல் பல்பு, ரிலே, சுவிட்ச் என்று வரிசையாக மாற்றிப் பணத்தை இழப்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

கேள்வி (கூடலூர்): இரு பக்கமும் இண்டிகேட்டர் இல்லை, நான்கும் ஒன்றாக மினுக்கும் ஹசார்டு மட்டும் எரிகிறது.

பதில்: பல்புகளும் அவற்றுக்கான ஒயரும் நன்றாக இருப்பதை ஹசார்டே காட்டிவிட்டது. பல கார்களில் இண்டிகேட்டருக்குத் தனி ஃபியூஸ் உண்டு. முதலில் அதைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள், ஒயரைச் சுற்றி வைக்காதீர்கள். ஃபியூஸ் சரியாக இருந்தால் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்சைச் சோதிக்க வேண்டும்.

கேள்வி (ஊட்டி): எல்இடி பல்பு போட்டதும் வேகமாக மினுக்குகிறது.

பதில்: எல்இடி குறைந்த மின்சாரமே எடுப்பதால், பல்பு போய்விட்டதாக ரிலே எடுத்துக்கொள்கிறது. பழைய வகைப் பல்பையே போட்டுவிடுங்கள்.

கேள்வி (ஊட்டி): பழுது பார்க்கும் வரை ஹசார்டைப் போட்டுக்கொண்டு கல்லட்டி வழியாக இறங்கலாமா?

பதில்: கூடாது. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சரிவில், நான்கு விளக்கும் ஒன்றாக மினுக்கினால் நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்குகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. இண்டிகேட்டரைச் சரிசெய்த பிறகே புறப்படுங்கள்.