கால் வலித்த கலை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

போன மாதம் சிகாகோ கலை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். திறந்ததும் நுழைந்து மூடும்வரை ஓர் அறை விடாமல் நடந்தேன். மிஞ்சியது கால்வலியும் போனில் நானூறு படங்களும்தான். ஓர் ஓவியமும் மனதில் நிற்கவில்லை. எனக்கு ரசனையே இல்லையோ?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ரசனையைச் சந்தேகிக்கும் முன் கால்களை விசாரியுங்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், 'அருங்காட்சியகக் களைப்பு' என்றே தலைப்பிட்டு 1916-இல் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படம் பிடித்தே காட்டினார். நானும் ஒரு பெரிய மியூசியத்தில் வெளியே போக வழி தேடி எகிப்துக்குள் இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன். மம்மிகளுக்கே என் முகம் பழகியிருக்கும்.

சரி, பாரிஸ் அருகே உள்ள 'லா கிராந்த் ஜாத்' தீவின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா வரைந்த படத்தை அங்கே பார்த்திருப்பீர்கள். இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம், தப்பவே முடியாது. தள்ளி நின்றால் ஆற்றங்கரை, குடைகள், கயிற்றில் குரங்கைப் பிடித்திருக்கும் ஒரு சீமாட்டி. கிட்டே போனால் எல்லாரும் புள்ளிகளாக உதிர்ந்துவிடுவார்கள். அப்புறம் வெயில் விழும் புல்லைக் கவனியுங்கள். அங்கே மங்கிய பழுப்பில் சில புள்ளிகள் தெரியும். சூரா வைத்தபோது அவை பளிச்சென்ற மஞ்சள். அன்றைக்குப் புதிதான துத்தநாக மஞ்சள் என்ற வண்ணத்தை நம்பினார். அது சில ஆண்டுகளிலேயே கறுக்கத் தொடங்கிவிட்டது. 1891-இல், 31 வயதில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே அவருடைய நண்பரும் விமர்சகருமான ஃபெலிக்ஸ் ஃபெனியோன் அந்த நிறம் கெட்டதைப் பற்றி எழுதிவிட்டார். படத்தைச் சுற்றிலும் புடவைக்குக் கரை போட்டதுபோல ஒரு புள்ளி வரிசை ஓடுகிறதே, அதுவும் சூரா பிற்பாடு சேர்த்ததுதான். அதன் நிறம் இடத்துக்கு இடம் மாறுவதைப் பிடிக்கவே பத்து நிமிடம் ஆகும்.

ஓடிக்கொண்டே பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அறைகள் போதும் என்பேன். டிக்கெட் காசு வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், அடித்துக்கொள்ளட்டும். பெஞ்ச் கண்ணில் பட்டால் உட்கார்ந்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் விவரப் பலகையைக் கடைசியில் படிக்கலாம்.

அந்த நானூறு படங்களை இன்று ராத்திரி ஒருமுறை புரட்டுங்கள். எதையாவது உங்களை அறியாமல் இரண்டு மூன்று தடவை எடுத்திருப்பீர்கள். அடுத்த முறை நேராக அதன் முன்னால் போய் நில்லுங்கள்.