வாசகர் கேள்வி–பதில்: பனியனுக்கு மேல் மெரினோ போடலாமா?

ஜூன், ஜூலை குளிர்கால விடுமுறைக்குத் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலை ஏறத் திட்டமிடும் வாசகர்கள் இந்த மாதம் அதிகம் கேட்டிருப்பது மெரினோ என்ற செம்மறி இனத்தின் மெல்லிய கம்பளியைப் பற்றித்தான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: நல்ல விலை கொடுத்து மெரினோ சட்டை வாங்கினேன். உள்ளே பருத்தி பனியன், அதன்மேல் மெரினோ, அதன்மேல் பஞ்சு அடைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு டிராக்கன்ஸ்பர்க்கின் சென்டினல் பாதையில் ஏறினேன். சங்கிலி ஏணி வரை வியர்த்துக் கொட்டியது. மேலே போய் உட்கார்ந்த பத்து நிமிடத்தில் நடுக்கம் பிடித்துவிட்டது. கடைக்காரர் போலியைக் கொடுத்துவிட்டாரா? (சாட்ஸ்வொர்த்)

பதில்: சட்டை மேல் பழி வேண்டாம். பருத்தி பனியன்தான் கெடுத்தது, ஏறும்போது கழற்றாத ஜாக்கெட் மீதியைச் செய்தது.

மெரினோ இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தனக்குள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த அளவுக்கு நனைந்தும் தொட்டால் சொதசொதவென்று இருக்காது. ஈரத்தை உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். ஆனால் இதெல்லாம் நடக்க, கம்பளி தோலை ஒட்டி இருக்க வேண்டும். இடையில் பருத்தி இருந்தால் வியர்வை முழுவதும் அதிலேயே தங்கி, நீங்கள் நின்றதும் ஈரத்துணி முதுகில் ஒட்டிக் குளிரவைக்கிறது. பெண்களின் பருத்தி உள்ளாடைக்கும், ஆண்களின் ஜட்டிக்கும் இதே கதைதான். மெரினோவிலோ பாலியெஸ்டரிலோ வாங்குங்கள். டர்பனில் வருடம் முழுக்கப் பருத்திதான் சுகம் என்பதால் இந்தப் பழக்கம் நம்மவர்களை எளிதில் விடுவதில்லை.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று கணக்கு வையுங்கள். டர்பனில் பகலில் 22 டிகிரி இருக்கும் நாளில் 3,000 மீட்டரில் இரண்டு மூன்று டிகிரிதான் இருக்கும், காற்று தனி. குளிர்கால இரவில் மலையின் மேல் விளிம்பில் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரி வரை போவதும் உண்டு. ஆக, நமக்குத் தேவை ஒரே தடித்த உடை அல்ல. போடவும் கழற்றவும் தோதான நாலு மெல்லிய உடைகள்:

தோலை ஒட்டி 150 அல்லது 200 கிராம் மெரினோ. இந்த எண் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. கழுத்தில் பாதி ஜிப் உள்ளதாக வாங்கினால் ஏறும்போது திறந்துவிடலாம். அதன்மேல் ஃப்ளீஸ் என்ற பஞ்சுபோன்ற செயற்கைத் துணி, அல்லது 250 கிராம் கம்பளி. பையின் மேல்புறத்தில், எடுக்கத் தோதாக, இறகு அல்லது செயற்கைப் பஞ்சு அடைத்த ஜாக்கெட். எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் உறை போன்ற மேல்சட்டை. கம்பளி காற்றைத் தடுக்காது. விளிம்பில் நின்றால் காற்று சல்லடையில் புகுவதுபோல் புகும்.

கார் நிற்கும் இடத்திலிருந்து கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அங்கேயே கதகதப்பாக இருந்தால் கால்மணி நேரத்தில் வியர்க்கும். முதுகு நனையத் தொடங்கினாலே நின்று ஒன்றைக் கழற்றுங்கள். ஓய்வுக்கு உட்கார்ந்தால் முதல் வேலை ஜாக்கெட். தண்ணீர், பிஸ்கட் எல்லாம் பிறகு. உடம்பு குளிர்ந்த பிறகு போடும் ஜாக்கெட்டுக்குச் சூடு பிடிக்க வெகு நேரம் ஆகும். இரும்பு ஏணியில் வெறும் கம்பளிக் கையுறை வழுக்கும். உள்ளங்கையில் தோல் பிடிமானம் உள்ள கையுறையை மேலே மாட்டுங்கள்.

கேள்வி: கூடாரத்தில் எல்லா உடையையும் போட்டுக்கொண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை. ஏன்? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: இரண்டு காரணம். பகலில் போட்ட சட்டையோடு படுத்திருப்பீர்கள். தொட்டால் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் இழைக்குள் ஈரம் இருக்கும். 200 கிராம் மெரினோ மேல்சட்டை, கால்சட்டை, ஒரு ஜோடி சாக்ஸ் மூன்றையும் நீர்புகாப் பையில் கட்டி இரவுக்கென்றே வையுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் பகலில் அதைத் தொடக்கூடாது. கூடாரம் அடித்த கையோடு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, உள்ளே அதிகம் திணித்தால் தூக்கப்பையின் இறகு நசுங்கும். நசுங்கிய இறகில் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் சூடும் நிற்காது. ஜாக்கெட்டைப் போடாமல் பையின் மேல் விரியுங்கள். தரைவிரிப்பு மெல்லியதாக இருந்தாலும் இதே தொல்லைதான். உடம்பின் கனத்தில் அடியிலுள்ள இறகு எப்படியும் நசுங்குகிறது.

இன்னொன்று: கேஸ் அடுப்புப் பக்கம் குனியும்போது பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி உருகாது, தீயிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் தானே அணையும். சமைப்பவர் கம்பளியில் இருக்கட்டும்.

கேள்வி: கம்பளி என்றாலே எனக்கு அரிக்கும். மெரினோவும் அரிக்குமா? (பீனிக்ஸ்)

பதில்: அரிப்பது தடித்த இழையின் முனை குத்துவதால். 18.5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெலிந்த இழை பெரும்பாலோருக்கு உறுத்தாது. லேபிளில் மைக்ரான் பாருங்கள். வெறும் ‘கம்பளி’ என்று மட்டும் இருந்தால் தோலை ஒட்டிப் போட வேண்டாம்.

கேள்வி: நான் சைவம். கம்பளி உடுத்தலாமா? (லெனேசியா)

பதில்: ஆட்டைக் கொல்லாமல் ரோமத்தை மட்டும் கத்தரிக்கிறார்கள். ஆனாலும் குட்டியின் பின்பக்கத் தோலை அறுத்தெடுக்கும் ‘மியூல்சிங்’ என்ற வழக்கம் ஆஸ்திரேலியாவில் உண்டு; நியூசிலாந்து 2018இல் அதைத் தடைசெய்தது. மனம் ஒப்பாவிட்டால் ‘மியூல்சிங் செய்யாத கம்பளி’ என்ற குறிப்பைத் தேடுங்கள். நம் தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலப் பகுதியிலும் மெரினோ கம்பளிக்குப் பஞ்சமில்லை. 1789இல் ஸ்பெயினிலிருந்து ஹாலந்து வழியாகக் கேப்புக்கு (நன்னம்பிக்கை முனைக்கு) வந்து சேர்ந்தது ஆறே மெரினோ ஆடுகள்!

கேள்வி: மலையிலிருந்து வந்து சட்டையைச் சோப்புத்தூளில் ஊறவைத்து அடித்துத் துவைத்தேன். இப்போது பேரனுக்குக்கூடப் பத்தாது. இழுத்தால் சரியாகுமா? (டோங்காட்)

பதில்: ஆகாதம்மா. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்கு உண்டு. சூடு, சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் செதிலும் செதிலும் கொக்கி போட்டுக்கொள்கின்றன, பிறகு பிரியாது. நிறையச் சோப்புத்தூள்களில் கறை போக்கப் புரதத்தைக் கரைக்கும் நொதி சேர்க்கிறார்கள். கம்பளியே புரதம்தான் என்பதால் இழையையும் அது அரிக்கும்.

அடுத்த முறை: வாளியில் 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், கம்பளிக்கான திரவச் சோப்பு. பத்து நிமிடம் ஊறட்டும். கசக்காமல், அடிக்காமல் அமுக்கி எடுங்கள். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கையாக விரியுங்கள். கொடியில் போட்டால் கனத்தில் தொங்கி நீண்டுவிடும். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம், இழையில் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கும். ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டியதும் இல்லை. ஓர் இரவு காற்றில் போட்டால் வாடை பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: ரீயூனியனில் பித்தோன் தெ நேஜ் ஏறப்போகிறோம். வெப்பமண்டலத் தீவுதானே, கம்பளி அவசியமா? (மோரீஷஸ், கத்ரு போர்ன்)

பதில்: அவசியம். சிகரம் 3,070 மீட்டர். சூரிய உதயம் பார்க்க நடுச்சாமத்துக்குப் பிறகு தங்குமிடத்திலிருந்து கிளம்பி, உச்சியில் அசையாமல் காத்திருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அங்கே உறைநிலையை ஒட்டிய குளிர் இருக்கும். கடலோரம் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஏறும்போது 150 கிராம் போதும். உச்சியில் மாற்ற உலர்ந்த சட்டை ஒன்று, ஜாக்கெட், குல்லா. மேகத்துக்குள் நடப்பதால் மழை உறையையும் விடாதீர்கள்.

கேள்வி: அலமாரியில் வைத்த மெரினோவில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அந்துருண்டை போட்டும் பயனில்லை. (ஐசிப்பிங்கோ)

பதில்: முதலில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். தோளிலும் இடுப்பிலும் மட்டும் இருந்தால் பைப் பட்டையும் பெல்ட் கொக்கியும் உரசியவை. இதற்கு 10 முதல் 15 சதவீதம் நைலான் கலந்த துணி தாங்கும். அக்குள், கழுத்து என்று கண்ட இடத்தில் இருந்தால் அந்துப்பூச்சி. கம்பளியைத் தின்பது பறக்கும் பூச்சியல்ல, அதன் புழு. வியர்வைக் கறையும் சாப்பாட்டுக் கறையும் அதற்கு விருந்து, அதனால் துவைத்துக் காயவைத்த பிறகே உள்ளே வையுங்கள். வேப்பிலையும் வசம்பும் வாசனையால் பூச்சியை விரட்டலாம். உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லா. அந்துருண்டையின் நெடியோ கூடாரத்தில் உங்களைத்தான் விரட்டும்.

சட்டையைக் காற்றில்லாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பையைத் திறங்கள். முன்பே திறந்தால் துணியில் நீர் கோத்துக்கொள்ளும். அலமாரி மூலைகளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிட்டு, இறுக மூடும் டப்பாவில் அடுக்குங்கள். ஓட்டை மிளகளவு இருக்கும்போதே மெல்லிய கம்பளி நூலால் ஊசி போட்டுவிடுங்கள். கண்ணி அறுந்தால் மளமளவென்று ஓடிவிடும்.