பேபி மானிட்டருக்காக அவசரகால நிதியைத் தொடலாமா?

கேள்வி: எங்களுக்கு இன்னும் மூன்று மாதங்களில் முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. மகப்பேறு விடுப்பின்போது என் மனைவியின் சம்பளம் ஆறு மாதங்களுக்குப் பாதியாகக் குறையும். பேபி மானிட்டர் வாங்குவதற்காக மூன்று வகைகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று ஒலியை மட்டும் கேட்க உதவுவது. மற்றொன்று தனித்திரையுடன் வரும் கேமரா. மூன்றாவது வைஃபை மூலம் செல்போன் செயலியில் இயங்கி, குழந்தையின் மூச்சையும் இதயத்துடிப்பையும் அளப்பது. மூன்றாவதன் விலை முதலாவதைப் போல எட்டு மடங்கு. அதற்கு மாதச் சந்தாவும் உண்டு. அது ஒலி மானிட்டரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. குழந்தையின் பாதுகாப்பு என்பதால் அவசரகால நிதியிலிருந்து எடுத்தோ தவணையிலோ அதையே வாங்கிவிடலாமா?

பதில்: அவசரகால நிதியிலிருந்தும் எடுக்க வேண்டாம், தவணையிலும் வாங்க வேண்டாம். குழந்தை பிறக்கும் முன்பே வீட்டில் இருந்தாக வேண்டிய பொருளும் அல்ல இது. பிள்ளையின் பாதுகாப்பு என்று வரும்போது விலை பார்க்கப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை என்பதை நான் அறிவேன். அதனால் பாதுகாப்பைப் பற்றி முதலில் பேசிவிட்டுப் பிறகு கணக்குக்கு வருகிறேன்.

மூன்றாவது கருவியில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, மூச்சையும் துடிப்பையும் அளக்கும் சென்சாருக்காகவே செல்கிறது. ஆனால், உறக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணத்தின் அபாயத்தைக் குறைக்கும் வழியாக வீட்டில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதை, அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-இல் வெளியிட்ட தன் வழிகாட்டுதலில் பரிந்துரைக்கவில்லை. அது வலியுறுத்துபவை வேறு: குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பது, அமுங்காத சமமான படுக்கையைப் பயன்படுத்துவது, தொட்டிலுக்குள் தலையணை, தளர்வான போர்வை, பொம்மை எதையும் வைக்காமலிருப்பது, குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்குப் பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்க வைப்பது. இவற்றுக்கு ஏறக்குறைய செலவே இல்லை. சென்சாரோ, இடம் நழுவினால்கூட நள்ளிரவில் அலறி, ஆரோக்கியமாகத் தூங்கும் குழந்தையை எண்ணிப் பெற்றோரைப் பதறச் செய்யக்கூடியது.

குறைப்பிரசவம் போன்ற காரணத்தால் மருத்துவரே இத்தகைய கண்காணிப்பைப் பரிந்துரைத்தால், நான் மேலே சொன்னது பொருந்தாது. அப்போது அது மருத்துவச் செலவு. உங்கள் காப்பீடு அதை ஏற்குமா என்று கேட்டறிந்து, மருத்துவர் சொல்லும் கருவியையே பயன்படுத்துங்கள். கடையில் கிடைப்பவை எல்லாம் மருத்துவக் கருவிகளாக அனுமதி பெற்றவை அல்ல. குழந்தையின் காலில் அணிவிக்கும் அளவுக் கருவி ஒன்றை உரிய அனுமதியின்றி விற்றதற்காக, அதன் தயாரிப்பாளருக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-இல் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது.

முதல் ஆறு மாதங்கள் குழந்தை உங்கள் அறையில்தான் உறங்கும் என்பதை இப்போது உங்கள் வரவு செலவோடு பொருத்திப் பாருங்கள். அந்தக் காலத்தில் இரவில் மானிட்டருக்கு வேலையே இருக்காது. பகல் தூக்கத்தின்போது நீங்கள் வேறு அறையில் இருக்கும் நேரத்துக்கு மட்டுமே அது தேவைப்படலாம். அதாவது, மானிட்டர் உண்மையில் பயன்படத் தொடங்கும் மாதங்களும் உங்கள் மனைவியின் முழுச் சம்பளம் திரும்ப வரும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே. வருமானம் குறையும் நேரத்தில் வாங்கி, தேவைப்படாத மாதங்களுக்கும் சந்தா கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சந்தாவின் கணக்கைப் பாருங்கள். மாதம் மூன்றில் ஒரு பங்கு என்றால், 24 மாதங்களுக்கு ஒலி மானிட்டரின் விலையைப் போல 8 மடங்கு ஆகிறது. கருவியின் விலையான 8 மடங்கையும் சேர்த்தால் 16 மடங்கு. ஒரே பெட்டியை இரண்டு முறை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம் இது. சந்தாவை நிறுத்தினால் எந்த வசதிகள் மறைந்துபோகும், கருவியைக் கைமாற்றினால் புதியவரால் அதைப் பயன்படுத்த முடியுமா என்பவற்றை வாங்கும் முன்பே நிபந்தனைகளில் படித்துவிட வேண்டும். வைஃபை கருவிக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவார்? பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள சட்டம், இந்தக் காலத்தை வெளிப்படையாகத் தெரிவிக்கும்படியும் எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுவான பாஸ்வேர்டுடன் விற்கக் கூடாதென்றும் நிறுவனங்களுக்கு உத்தரவிடுகிறது. நீங்கள் எங்கிருந்தாலும் இந்த இரண்டையும் கேட்டே வாங்குங்கள். அப்டேட் நின்றுவிட்ட கேமரா, நன்றாகப் படம் காட்டினாலும், தொட்டிலருகே வைக்கத் தகுந்ததல்ல.

உங்கள் நிலையில் நான் ஒலி மானிட்டரையே தேர்ந்தெடுப்பேன். கதவைச் சற்றுத் திறந்து வைத்தாலே அழுகை எல்லா அறைகளிலும் கேட்கும் வீடானால் அதுகூடத் தேவையில்லை. மாடி வீடாகவோ கனத்த சுவர்கள் கொண்டதாகவோ இருந்தால் அது பயன்படும். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் பொதுவாகத் தடைகளற்ற வெளியில் அளந்தது. எனவே திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், நீங்கள் வழக்கமாக இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் வைத்துச் சோதித்துவிடுங்கள். எந்த வகையானாலும் அதன் ஒயர் தொட்டிலிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளியே இருக்க வேண்டும். கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். எழுந்து நிற்கப் பழகும் குழந்தையின் கை எட்டும் தூரத்தை மனத்தில் வைத்து அளங்கள். குழந்தை அழுகிறதா, புரண்டு படுக்கிறதா என்று பார்க்காமல் மனம் அமைதியடையாது என்றால் தனித்திரைக் கேமரா வாங்கலாம். அதற்கு இணையமும் சந்தாவும் வேண்டியதில்லை.

தவணையைப் பொறுத்தவரை, வட்டியில்லை என்று சொல்லப்பட்டாலும் செயலாக்கக் கட்டணத்தையும் ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியையும் கணக்கிட்டால் வட்டி வெளிப்பட்டுவிடும். அதைவிட, பிரசவத்துக்கு முந்தைய இந்த மூன்று மாதங்களில், இருவருக்கும் முழுச் சம்பளம் வரும்போதே ஒலி மானிட்டரின் விலையில் மூன்றில் ஒரு பங்கை மாதந்தோறும் தனியாக எடுத்து வையுங்கள். அவசரகால நிதி, குறையும் அரைச் சம்பளத்தையும் எதிர்பாராத மருத்துவச் செலவையும் ஈடுகட்ட அப்படியே இருக்கட்டும்.