இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையோடு ஒப்பிட்டால் பிரிட்டிஷ் இந்தியப் படை பலவீனமானதுதானே?

சிங்கப்பூர் வீழ்ந்த கதையைக் காணொளியில் பார்த்த சூட்டோடு இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே நடந்ததை யாரும் மறைக்க முடியாது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வடக்கே மலேயாவில் உள்ள கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், தன்னைவிட மிகச் சிறிய படையை வைத்திருந்த ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சிங்கப்பூரில் சரணடைந்தார். இதை மட்டும் பார்த்தால் ஜப்பானியன் பிறவிப் போர்வீரன், நம் ஆள் சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கியவன் என்றுதான் தோன்றும். என் தாத்தா அந்தப் போரில் இருந்தவர். அதனால் இந்தப் பேச்சை நான் சும்மா கடந்து போவதில்லை.

மலேயாவில் ஜப்பானியரிடம் சுமார் 200 டாங்கிகள் இருந்தன. அந்தத் தீபகற்பத்தைக் காக்க நின்ற பிரிட்டிஷ் தரப்பிடம் ஒன்றுகூட இல்லை. 1942 ஜனவரி 7 அன்று சிலிம் ஆற்றுப் பக்கம் அந்த டாங்கிகள் 11வது இந்திய டிவிஷனை (பல ஆயிரம் பேர் கொண்ட பெரிய படைப்பிரிவு) பிளந்துகொண்டு போயின. அங்கிருந்த சிப்பாய்களில் பலர் அதற்குமுன் டாங்கியையே பார்த்ததில்லை. 1939-ல் 2 லட்சம் பேர் அளவில் இருந்த இந்தியப் படையைப் பல மடங்காகப் பெருக்கும் அவசரத்தில், புதுப் பட்டாலியன்களுக்காகப் பழைய பட்டாலியன்களின் அனுபவசாலிகளை உருவி எடுத்திருந்தார்கள். மலேயாவின் மூவாரில் நின்ற 45வது இந்தியப் பிரிகேடில் பெரும்பாலோர் பயிற்சி முடியாத பையன்கள். இதில் வீரம் எங்கே குறைந்தது?

ஒரே ஒரு டிவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 பிப்ரவரி 23 அன்று பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலத்தை, 17வது இந்திய டிவிஷனின் பெரும்பகுதி மறுகரையில் இருக்கும்போதே, பிரிட்டிஷ் தரப்பே வெடிவைத்துத் தகர்த்தது. நீந்திக் கரையேறியவர்களில் பலரிடம் துப்பாக்கி இல்லை, காலில் பூட்ஸ் இல்லை. அதே 17வது டிவிஷன்தான் 1945 மார்ச் தொடக்கத்தில் நடு பர்மாவில் உள்ள மெய்க்திலாவைப் பிடித்து, பர்மாவில் இருந்த ஜப்பானியப் படையின் முதுகெலும்பை முறித்தது. மூன்று வருடத்தில் யாருடைய ரத்தம் மாறிவிட்டது?

என் தாத்தா வேலூர்ப் பக்கத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற, பாலமும் பாதையும் போடும் பொறியாளர் பிரிவில் இருந்தார். பெங்களூரில் பயிற்சி. அந்தப் பிரிவு ஆட்களைப் படையில் எல்லோரும் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள். எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டால் அவர் துப்பாக்கியைப் பற்றிப் பேச மாட்டார். மெப்பாக்ரின் மாத்திரையைப் பற்றித்தான் பேசுவார். மலேரியாவுக்கான மாத்திரை, தின்றால் தோல் மஞ்சளாகும். அதைத் தின்றால் ஆண்மை போய்விடும் என்று முகாம் முழுக்க வதந்தி. எல்லோரும் நாக்கின் அடியில் ஒதுக்கி வைத்துத் துப்பிவிடுவார்களாம். பிறகு அணிவகுப்பில் நிற்கவைத்து, விழுங்கும்வரை அதிகாரி வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார் என்பார். கேட்க அற்பமாக இருக்கும். 1943-ல் பர்மா முனையில் காயம்பட்டு வெளியேறிய ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் வெளியேறினார்கள் என்று அங்கே படைக்குத் தலைமை வகித்த பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம் பின்னாளில் எழுதினார். மாத்திரை கொடுப்பதில் அலட்சியமாக இருந்த பட்டாலியன் தலைவர்களை அவர் பதவியிலிருந்தே நீக்கினார். சண்டைத்திறன் என்று நீங்கள் கேட்பதில் பாதி அங்கே இருக்கிறது.

மீதிப் பாதி சோறு. 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முதாகுச்சி ஏறக்குறைய 85,000 பேரோடு பர்மாவிலிருந்து வடகிழக்கு இந்தியாவின் இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கிக் கிளம்பினார். கையில் மூன்று வார உணவு. பிறகு அறுத்துத் தின்ன ஓட்டி வந்த மாடுகள். இம்பாலின் கிடங்குகளைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. இந்தப் பக்கமோ முற்றுகைக்குள் இருந்தவர்களுக்கு விமானத்திலிருந்து அரிசி, மாவு, குண்டு எல்லாம் விழுந்துகொண்டே இருந்தது. பட்டுப் பாராசூட் போதவில்லை என்று சணலில் நெய்து போட்டார்கள். கோஹிமாவில் முற்றுகையிட்ட ஜப்பானிய 31வது டிவிஷனின் தளபதி சாதோ, தன் ஆட்கள் பட்டினியில் சாவதைப் பொறுக்காமல் மேலிட உத்தரவை மீறிப் பின்வாங்கினார். முதாகுச்சி தன் மூன்று டிவிஷன் தளபதிகளையுமே பதவி நீக்கினார். ஜூலையில் எல்லாம் முடிந்தபோது செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என ஜப்பானியர் இழந்தது 50,000 பேருக்கு மேல். பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயும்தான்.

தாத்தா ஜப்பானியரை ஒருபோதும் மட்டமாகப் பேசியதில்லை. "அவன் எங்களைவிடத் துணிந்தவன். அவனுக்குச் சோறு அனுப்பத்தான் ஆளில்லை" என்பார்.

விமான பலம் இருந்ததால்தானே ஜெயித்தார்கள் என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: ஆம், அது இல்லாமல் முடிந்திருக்காது. மலேயாவில் அந்த வானம் ஜப்பானியரிடம் இருந்ததையும் சேர்த்தே எழுதுங்கள். ஐ.என்.ஏ.வை (ஜப்பானியரோடு சேர்ந்து போரிட்ட நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) அவமதிக்கிறேன் என்றும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அதில் சேர்ந்தார்கள். இம்பாலுக்குப் போன ஐ.என்.ஏ. வீரர்களும் அதே பட்டினியில்தான் வாடினார்கள். அவர்களைக் குறைத்து என் வீட்டில் ஒரு சொல் வந்ததில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பிறப்பைப் பார்த்து வீரத்தை அளக்கும் வழக்கத்தை நம்மிடம் வளர்த்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலேயத் தளபதி. 1880-களில் சென்னைப் படைக்கே தலைமை வகித்துக்கொண்டு, தெற்கத்தி ஆட்கள் போருக்கு ஆகமாட்டார்கள் என்று முடிவு செய்தவர். அந்த நினைப்பிலேயே மெட்ராஸ் காலாட்படையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்தார்கள். உலகப் போர் வந்து ஆள் போதாதபோது திரும்ப எழுப்பினார்கள். இன்று நம் பிள்ளைகளே அதே பேச்சை, வேறு நாட்டுக்காரனின் பெயரைப் போட்டுப் பேசுகிறார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா இறந்தபின் போர்வீரர் குடும்பத்துக்கான உதவித்தொகை கேட்டுப் பாட்டி ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தாத்தாவின் பெயரில் ஓர் எழுத்து வேறாக இருந்ததாம். பர்மாவில் பாலம் கட்டியவர் இவர்தான் என்று நிரூபிக்க இரண்டு சாட்சி கொண்டு வரச் சொன்னார்கள். கூட இருந்தவர்கள் எல்லோரும் செத்துப்போன பிறகு எந்தச் சாட்சியைக் கொண்டு வருவது? பணம் வரவே இல்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படி ஒரு பழுப்பேறிய புத்தகம் கிடக்கலாம். கரையான் அரிப்பதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். எந்தப் பிரிவு, என்ன பதக்கம் என்று அதில் இருக்கும். பர்மா ஸ்டார் பதக்கம் என்று எழுதியிருந்தால், நான் மேலே சொன்ன ஊர்களில் ஏதோ ஒன்றில் உங்கள் தாத்தாவும் இருந்திருக்க வாய்ப்புண்டு. பிரிவின் எண்ணை வைத்துத் தேடத் தொடங்குங்கள்.