பாதிப் பேர் கொண்டாடி, மீதிப் பேர் தூற்றுகிற படத்தைப் பார்ப்பதா வேண்டாமா? யாருடைய பரிந்துரையை நம்புவது?

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருந்தாலும், என் வரையில் இரண்டுக்கும் விடை ஒன்றுதான். கருத்து இரண்டுபட்டு நிற்கிற படங்களைத் தவிர்க்காமல் பார்க்க வேண்டும். அவை நல்ல படங்களா என்று தீர்ப்புச் சொல்வதற்காக மட்டுமன்று. யாருடைய பரிந்துரை நமக்குப் பயன்படும் என்று கண்டுகொள்வதற்கும் அவற்றைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. எல்லோருக்கும் பிடித்த படம் உங்களுக்கும் எனக்கும் பிடித்திருப்பதால் நம் இருவர் ரசனையும் ஒன்றென்று ஆகிவிடாது. ஊரே இரண்டுபட்ட ஒரு படத்தில் நாம் ஒரே பக்கம் நின்றால், அதுவும் ஒரே காரணத்துக்காக நின்றால், நான் சொல்லும் அடுத்த படத்தை நீங்கள் ஓரளவு நம்பிப் பார்க்கலாம்.

முதலில், பெரும்பாலோர் படத்துக்கு முன் தேடிப் பார்க்கிற மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் நாம் காணும் சதவீதம் படத்தின் தரத்துக்கு இட்ட மதிப்பெண் அன்று. எத்தனை விமர்சகர்கள் 'பார்க்கலாம்' என்ற பக்கம் சாய்ந்தார்கள் என்ற கணக்கு மட்டுமே. நூறு விமர்சகர்களும் 'மோசமில்லை, ஒரு முறை பார்க்கலாம்' என்று எழுதினால் அந்தப் படத்துக்கு 100 சதவீதம் கிடைத்துவிடும். 55 பேர் தலைமேல் வைத்துக் கொண்டாடி, 45 பேர் குப்பை என்று ஒதுக்கிய படத்துக்குக் கிடைப்பது 55 சதவீதம்; 60-க்குக் கீழே போய்விட்டதால் அது அந்தத் தளத்தின் கணக்கில் அழுகிய தக்காளி. இதில் எந்தப் படம் உங்கள் மாலைப் பொழுதுக்குத் தகுதியானது என்று கேட்டால், நான் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். மெட்டாகிரிட்டிக் போன்ற தளங்கள் சராசரியைத் தருகின்றன என்றாலும் அங்கும் இதே சிக்கல் உண்டு. எல்லோரும் பத்துக்கு ஆறு போட்ட படமும், ஒரு கூட்டம் பத்தும் மறு கூட்டம் ஒன்றும் போட்ட படமும் ஒரே எண்ணுக்கு அருகில் வந்து நிற்கும். ஆகவே எண்ணை விட்டுவிட்டு, ஐஎம்டிபி போன்ற தளங்களில் எத்தனை பேர் எந்த மதிப்பெண் அளித்தார்கள் என்று காட்டும் பட்டைகளைப் பாருங்கள். இரு முனைகளிலும் பட்டைகள் உயர்ந்திருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. (நம் ஊர் நட்சத்திர ரசிகர்கள், எதிரணி நாயகனின் படத்துக்குப் படம் பார்க்காமலே ஒன்று போடுகிற வழக்கம் இருப்பதால், பெரிய நாயகர்களின் படங்களில் இந்தப் பட்டைகளையும் முழுக்க நம்புவதற்கில்லை.)

கருத்து பிளவுபட்டிருக்கிறது என்று தெரிந்ததும், பிளவு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பதே அடுத்த வேலை. பல சமயம் அது படத்துக்குள் விழுந்ததாகவே இருக்காது. சினிமாஸ்கோர் என்ற அமெரிக்க நிறுவனம், படம் வெளியான முதல் நாளில் திரையரங்குக்கு வந்தவர்களிடமே கருத்துக் கேட்டு ஏ முதல் எஃப் வரை தரம் கொடுக்கிறது. 2017-இல் அமெரிக்க இயக்குநர் டேரன் அரோனோஃப்ஸ்கியின் 'மதர்!' அந்தக் கணக்கில் எஃப் வாங்கியது. முதல் நாளே வருகிறவர்கள் முன்னோட்டத்தையும் நடிகர்களின் பெயரையும் நம்பி வருகிறவர்கள். பேய் வீட்டுக் கதையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது விவிலியத்தை ஒரே வீட்டுக்குள் அடைத்துவைத்த உருவகக் கதை. எனவே அந்த எஃப், படம் எவ்வளவு மோசம் என்பதைவிட, விளம்பரத்துக்கும் படத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைத்தான் அளந்து சொல்கிறது. 2010 பொங்கலுக்கு வெளியான செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. கார்த்தியின் கேலிப் பேச்சோடு புதையல் வேட்டைபோல ஓடிய கதை, இடைவேளைக்குப் பிறகு, மறைந்து வாழும் சோழர்களின் பசியையும் காத்திருப்பையும் பற்றியதாக மாறி, பழந்தமிழ் பேசத் தொடங்கிவிட்டது. முதல் பாதிக்காக வந்தவர்களுக்கு இரண்டாம் பாதி துரோகமாகத் தெரிந்தது. இரண்டாம் பாதியை நேசித்தவர்களுக்கு முதல் பாதி நீண்ட முகவுரையாகத் தெரிந்தது. இவ்வகைப் பிளவு உங்களைத் தடுக்கத் தேவையில்லை. எதைப் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவருக்கு அந்த ஏமாற்றத்தில் பாதி இருக்காது.

நடையையும் வடிவத்தையும் பற்றிய சண்டை இதனினும் வேறானது. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லவ்வென்தூரா' 1960-இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது பார்வையாளர்கள் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். ஒரு தீவில் காணாமற்போகிற பெண்ணைப் பற்றித் தொடங்கும் படம், அவள் என்ன ஆனாள் என்று கடைசிவரை சொல்வதே இல்லை. தேடுகிறவர்களே மெல்ல மெல்ல அவளை மறந்துபோகிறார்கள். அதே விழாவில் அதற்கு நடுவர் குழுப் பரிசும் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் விமர்சகர்களிடம் பத்தாண்டுக்கு ஒரு முறை நடத்தும் வாக்கெடுப்பில், உலகின் மிகச் சிறந்த படங்களில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. இதைச் சொல்லி, 'பார்த்தீர்களா, காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது' என்று முடிப்பது ரசிகர்களின் வழக்கம். ஆனால் அதே வாக்கெடுப்பில் அது 1972-இல் ஐந்தாம் இடத்துக்கும் 1982-இல் ஏழாம் இடத்துக்கும் இறங்கி, அதன் பிறகு முதல் பத்திலேயே இல்லாமல் போயிற்று என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. காலமும் மனம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

நம் சண்டைகளிலும் இந்தக் 'காலம்' என்ற சாட்சியை அடிக்கடி கூண்டில் ஏற்றுகிறோம். 2003-இல் திரையரங்குகளில் தோற்ற 'அன்பே சிவம்' தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடி இன்று போற்றப்படுகிறது என்பதும், 'ஆயிரத்தில் ஒருவன்' 2021 டிசம்பர் 31 அன்று மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது என்பதும் உண்மையே. ஆனால் ஒரு படத்தைத் திரும்பப் பார்க்கிறவர்களும் அதைப் பற்றித் திரும்பப் பேசுகிறவர்களும் பெரும்பாலும் அதை விரும்பியவர்கள். பிடிக்காதவர்கள் அன்றே எழுந்து போய்விட்டார்கள், பத்தாண்டு கழித்து மறுப்புச் சொல்ல அவர்கள் வரப்போவதில்லை. எஞ்சிய குரல் எல்லாம் ஆதரவுக் குரலாக இருப்பதில் வியப்பில்லை. 'அன்பே சிவம்' எனக்கு மிகவும் பிடித்த படம். இருந்தும், நல்லசிவத்தின் வசனங்கள் சில இடங்களில் பிரசங்கமாகிவிடுகின்றன என்றும், மாதவன் காட்டுகிற எரிச்சல்தான் அந்தப் படத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்றும் இன்றும் நினைக்கிறேன். அந்தக் குறையை 2003-இல் சொன்னவர்களைப் படம் புரியாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

மூன்றாவது வகைச் சண்டைதான் கடினமானது. படத்தின் அறத்தைப் பற்றியது. (இந்தப் பத்தியில் இரண்டு படங்களின் கதைத் திருப்பங்கள் வருகின்றன, பார்க்காதவர்கள் தாண்டிச் செல்லலாம்.) மிஷ்கினின் 'சைக்கோ' 2020-இல் வந்தபோது, பெண்களைத் தலையறுத்துக் கொல்கிற ஒருவன்மீது அவனால் கடத்தப்பட்ட பெண்ணே இரக்கம் காட்டுகிற முடிவைப் பற்றி இரு தரப்பும் மணிக்கணக்கில் மோதிக்கொண்டன. ஒரு தரப்பு ஒளிப்பதிவையும் இளையராஜாவின் இசையையும் கருணை என்ற கருத்தையும் பேசியது. மறு தரப்பு, இறந்த பெண்களின் சார்பில் மன்னிக்கும் உரிமையை அவளுக்கு யார் கொடுத்தது என்று கேட்டது. இரண்டும் ஒரே கேள்விக்கான இரு விடைகள் அல்ல, வெவ்வேறு கேள்விகள். ஆகையால் ஒன்று மற்றொன்றை வெல்லவே முடியாது. 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் விஜய் சேதுபதி நடித்த ஷில்பா என்ற திருநங்கையையும் அவளுடைய சிறு மகனையும் கண்டு நெகிழ்ந்தவர்கள் மிகப் பலர். அந்த நடிப்புக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் ஷில்பா முன்பு குழந்தைகளைக் கடத்தியதாகச் சொல்கிற இடம், திருநங்கையரைப் பற்றிச் சமூகத்தில் ஏற்கெனவே பரவியிருக்கிற அவதூறுக்கே வலுச் சேர்க்கிறது என்று திருநர் சமூகத்திலிருந்து எழுந்த குரல், நெகிழ்ந்தவர்கள் பலருக்கு அந்த நேரத்தில் தோன்றியே இராத ஒன்று. எனக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. அந்த விமர்சனத்துக்குப் பிறகும் பிடிக்கிறது. ஆனால் அந்தக் காட்சியை முன்போல எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. அறம் சார்ந்த எதிர்ப்பு இருக்கிற படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த எதிர்ப்பு என்னவென்று ஒருமுறை படித்துவிடுவது நல்லது. அது கதையைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் பார்த்த பிறகாவது படிக்கலாம். படிக்காமலே எதிர்ப்பவர்களைக் 'கலை தெரியாதவர்கள்' என்பதும், பார்க்காமலே படத்தை 'ஆபாசம்' என்பதும் என் பார்வையில் ஒரே அளவு சோம்பல்.

இனி, யாரை நம்புவது என்ற பகுதிக்கு வருகிறேன். இதில் இயந்திரங்களின் அனுபவம் ஒன்று சொல்லத்தக்கது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006-இல், தன் பரிந்துரைக் கணிப்பின் துல்லியத்தைப் 10 சதவீதம் உயர்த்துகிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று ஒரு போட்டி அறிவித்து, பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைப் போட்டியாளர்களுக்குத் திறந்துவிட்டது. 2009-இல் ஒரு குழு பரிசை வென்றது. இடைப்பட்ட காலத்தில் போட்டியாளர்களை மிகவும் வாட்டியது பெரிய படம் எதுவும் இல்லை. 2004-இல் வந்த 'நெப்போலியன் டைனமைட்' என்ற சிறிய நகைச்சுவைப் படம். அதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஐந்து நட்சத்திரம் அல்லது ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். ஒருவர் வேறு என்னென்ன படங்களை விரும்பினார் என்ற கணக்கை எவ்வளவு அலசினாலும், இதில் அவர் எந்தப் பக்கம் விழுவார் என்று சொல்ல முடியவில்லை. கணிப்புக்கு எட்டாமல் போன அந்தப் படங்களே நமக்கு வேண்டியவை என்று நான் நினைக்கிறேன். ஏனெனில் நட்சத்திரங்களில் காரணம் எழுதப்பட்டிருக்காது. மனிதரிடம் காரணத்தைக் கேட்கலாம்.

எனவே ஒருவரிடம் பரிந்துரை கேட்பதற்கு முன், கருத்து பிளவுபட்ட இரண்டு மூன்று படங்களைப் பற்றி அவரிடம் பேசிப் பாருங்கள். 'நன்றாக இருந்ததா' என்று கேட்காமல், எந்த இடத்தில் படம் உங்களைக் கைவிட்டது, அல்லது எந்த இடத்தில் உள்ளே இழுத்துக்கொண்டது என்று கேளுங்கள். 'ஆயிரத்தில் ஒருவன்' பிடிக்கவில்லை என்கிறவர் கணினி வரைகலையைக் குறை சொன்னால் அவரும் நானும் வெவ்வேறு பொருள்களைப் பார்த்திருக்கிறோம். இரண்டாம் பாதியின் வன்முறை தாங்கவில்லை என்று சொன்னால், அவர் சொல்வதை நான் கவனித்துக் கேட்பேன். நம்மோடு ஒத்துப்போகிறவர்தான் பயன்படுவார் என்பதும் இல்லை. எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். 'மூன்று மணி நேரம், ஒன்றுமே நடக்கவில்லை' என்று அவர் எரிச்சலோடு சொல்கிற படம் எனக்குப் பெரும்பாலும் பிடித்துவிடும். ரசனையில் உறுதியாக நிற்கிற எதிராளி, எல்லாவற்றையும் 'சூப்பர்' என்கிற தோழனைக் காட்டிலும் பெரிய உதவி. நம்பக் கூடாதவர் ஒருவர்தான்: படம் வெளியான வாரத்தில் ஒரு கருத்தும், ஊர்க் காற்று மாறிய பிறகு வேறொரு கருத்தும் சொல்லி, முதல் கருத்து இருந்ததையே மறைத்துவிடுகிறவர்.

பரிந்துரைக்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு. 'இதைப் பார்க்காவிட்டால் நீ சினிமா ரசிகனே இல்லை' என்று அனுப்பிவைக்கப்படும் படம், பார்க்கிறவரின் மேல் தேர்வுத்தாளாக இறங்குகிறது. அவர் படத்தை விட்டுவிட்டு உங்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலையே யோசித்துக்கொண்டிருப்பார். படத்தின் பெருமையைக் குறைத்தும், அதற்குக் கொடுக்க வேண்டிய விலையை வெளிப்படையாகவும் சொல்வதே நேர்மை. நீளம், நடை, வன்முறை, எதிர்பார்த்தால் கிடைக்காத ஒன்று ஆகியவற்றைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு பரிந்துரை கேட்பவர் ஒரு பரிந்துரை கொடுக்கவும் வேண்டும் என்ற வழக்கம் உண்டு. இருவரும் பார்த்து முடிக்கும்வரை விவாதம் கிடையாது. சண்டைகளின் தரம் இதனால் வெகுவாக உயர்ந்திருக்கிறது, எண்ணிக்கை குறையவில்லை.

அந்த முறைப்படியே உங்களுக்கு இரண்டு சொல்கிறேன். தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011): ஒரே நாளில் நடக்கிற தாதா கதை, வசை மொழியும் இரத்தமும் தாராளம், நல்லவர் என்று பற்றிக்கொள்ள ஏறக்குறைய யாரும் இல்லை; குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம். பெல்ஜிய இயக்குநர் சான்தால் ஆக்கர்மனின் 'ஜான் தீல்மன்' (1975): 2022-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' வாக்கெடுப்பில் முதலிடம் பெற்று, அதற்காகவே புதிதாகத் திட்டும் வாங்கிய படம். 201 நிமிடங்கள், ஒரு பெண்ணின் மூன்று நாட்கள், பெரும்பாலும் சமையலறை. அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை இடையில் வெட்டாத ஒரே காட்சியாகப் பார்க்கப் பொறுமை இல்லாத நாளில் அதைத் தொடங்காதீர்கள்.